விற்ற வண்டியின் பின்சீட்டில்

குந்தியா என் சூட்கேசைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு ‘ஏறுங்க, பொங்’ என்கிறாள். பொங் என்றால் இந்த ஊரில் அண்ணன். ஏறுவதற்கு என்ன, மூன்று வருஷமாக நான் ஏறி இறங்கி, நேற்று இவளுக்கு விற்ற மோட்டார் சைக்கிள்தான், ஆனால் எப்போதும் முன்சீட்டில். பின்சீட்டில் இதுவரை நான் உட்கார்ந்ததில்லை, யாரையும் உட்கார வைத்ததும் இல்லை, ஏன் வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. டாக்சியில் போய்க்கொள்கிறேன் என்று நேற்றே சொன்னேன். ‘எதுக்கு டாக்சி, வண்டி இருக்கே’ என்றாள். வண்டி இருக்கே என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன், அதன்பிறகு மறுத்துப் பேச வாய் வரவில்லை. காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிறேன். வண்டி ஒரு அமுங்கு அமுங்கி மேலே வருகிறது. நான் எழுபத்தெட்டு கிலோ. அவள் ஐம்பது இருப்பாள். சூட்கேஸ் இருபத்திரண்டு, நேற்று எடை போட்டுப் பார்த்தது. மொத்தம் நூற்றைம்பது. மூலைக்கடை மெக்கானிக் எண்ணெய்க் கறுப்பேறிய ஒற்றை விரலை என் மூக்குக்கு நேராக நீட்டியது ஞாபகம் வருகிறது. ஒரு ஆள். ஒரு ஆள் மட்டும். வண்டி கிளம்பிவிட்டது. பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். பக்கத்துக் கொக்கியில் ஒரு சின்ன ஹெல்மெட் தொங்குகிறது, மஞ்சள் நிறம், புதுசு, விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது என் முழங்காலில் வந்து இடிக்கிறது. ‘பிள்ளைங்களுக்கா?’ என்று கேட்கிறேன். ‘ஆமா, ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு, மாத்தி மாத்திப் போட்டுக்கும்’ என்று சிரிக்கிறாள். ஏன் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி வெயில். கம்பெனி சுவரை ஒட்டிப் போகிறோம். ஐந்து வருஷம் இந்தச் சுவருக்குள் இருந்தேன். திருப்பூரில் செக்கிங் டேபிளில் ஆரம்பித்து, செக்கிங் சூப்பர்வைசராகி, அப்புறம் கம்போடியாவில் ஆள் கேட்கிறார்கள் என்று வந்து, இங்கே குவாலிட்டி இன்சார்ஜ் தண்டபாணி. என் வேலையே குற்றம் கண்டுபிடிப்பது. பனியனைக் கையில் எடுத்தால் கண்ணுக்கு முன்னால் விரல் போய்விடும், எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் பிசிறியிருக்கிறது, கழுத்துப்பட்டி எங்கே அரை நூலளவு சாய்ந்திருக்கிறது. கண்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். அம்பு ஒட்டின பீஸ் பெட்டிக்குள் போகாது. நடு லைனில் நின்று பீஸைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்து ‘ரிஜெக்ட்’ என்று சொன்னால் நாற்பது மெஷினும் ஒரு நிமிஷம் ஓசை அடங்கும். குந்தியா ஒன்பதாவது லைனுக்கு லீடர். முதலில் அந்தப் பேரைக் கேட்டபோது குந்தி என்றுதான் என் காதில் விழுந்தது. பாரதத்துக் குந்தி இங்கே எப்படி வந்தாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஒருமுறை அவளுடைய லைனில் ஆயிரத்து இருநூறு பீஸைத் திருப்பி அனுப்பினேன், கைவளைவுத் தையல் இழுக்கிறது என்று. இழுத்தது உண்மைதான். கொஞ்சமாகத்தான் இழுத்தது. அவளும் பெண்களும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பிரித்துத் தைத்தார்கள், அந்த வாரம் அவள் ஊருக்குப் போகவில்லை. திங்கட்கிழமை வந்து என் முன்னால் நின்று, ‘நீங்க சொன்னது சரி, பொங், இழுத்துது’ என்றாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், துவைத்துத் துவைத்து வெளுத்த கம்பெனிச் சட்டை, அதன் தோள்தையல் நேராக இருக்கிறதா என்று கண் தன்பாட்டுக்குப் பார்க்கிறது. நேராகத்தான் இருக்கிறது.

சொல்லிவிடலாம். இறங்கினதும் சொல்லிவிடலாம். இல்லை, சொல்வதற்கு என்ன இருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லையே. அம்பாசமுத்திரத்துக்காரர் சிவசைலம், அப்போது புரொடக்சன் மேனேஜர், எத்தியோப்பியாவுக்கு மாறிப் போகும்போது எனக்குக் கொடுத்த வண்டி இது. ‘ஏ தண்டபாணி, வெண்ணெயா ஓடும், பாத்துக்க. நம்ம ஆளுன்னுதான் ஒனக்குத் தாரேன்’ என்றார். நம்ம ஆள் என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் உள்ளே எதையும் கழற்றிப் பார்க்காமல் வாங்கினேன். ஆறு வாரம் கழித்து ஹேண்டிலில் ஒரு நடுக்கமும் ‘டிக்’ என்று ஒரு சத்தமும் வந்தது, மூலைக்கடையில் முன்பக்கத்து பிளாஸ்டிக் கவரைக் கழற்றினார்கள், ஹேண்டில் வந்து சேரும் கழுத்திலிருந்து சீட்டுக்குப் போகிற அந்தத் தடித்த இரும்புக் குழாய், அதில் சுற்றுவட்டமாக ஒரு பழைய வெல்டிங், மேலே பெயின்ட், பெயின்டுக்கு நடுவில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. மெக்கானிக் நகத்தால் அதைக் கீறிக்காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி வெல்டிங் வைத்தார். பத்து வருஷமும் ஓடும், நாளைக்கும் முறியும், என்றார். பாரம் ஏற்றாதே. பள்ளத்தில் விடாதே. முறிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் காட்டி, அப்படியே இரண்டு கையையும் தன் நெஞ்சுப்பக்கம் கொண்டுவந்தார், ஹேண்டில் தனியே முறிந்து கையோடு வந்துவிட்டதுபோல. அன்று சாயங்காலமே எத்தியோப்பியாவுக்குப் போன் போட்டேன், என்ன பேச்சு பேசினேன், என் வாயில் அதுவரை வராத வார்த்தையெல்லாம் வந்தது. சிவசைலம் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘எனக்கு வித்தவன் மட்டும் எங்கிட்ட சொன்னானாடே?’ என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். அந்த மனுஷனை மூன்று வருஷம் நான் திட்டாத நாளில்லை. அவர் குரல் இப்போது என் குரலைப்போலவே இருக்கிறது, உள்ளுக்குள் கேட்கும்போது எது அவர், எது நான் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாலையோரம் குளிர்பானப் பாட்டிலில் பெட்ரோல் நிரப்பி வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு கடையில் குந்தியா நிறுத்துகிறாள். ஒரு பாட்டில் போதும் என்கிறாள். என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடத்தான் இந்தப் பெட்ரோல். காசை நான் கொடுத்திருக்க வேண்டும். இடுப்புப் பையைத் தொடுகிறேன், அதற்குள் அவளுடைய நானூற்றைம்பது டாலர் இருக்கிறது, அவளுக்கு இரண்டு மாசச் சம்பளம், லைன் பெண்கள் பதினைந்து பேர் சேர்ந்து போடும் சீட்டில் இந்த மாசம் அவள் எடுத்தது; அந்தப் பையின் ஜிப்பை அவள் முன்னால் திறக்க எனக்குக் கை போகவில்லை, அவளே கொடுத்துவிட்டாள். இப்போது சொல்லிவிட வேண்டும். கடையில் நிழல் இருக்கிறது, கடைக்காரி உள்ளே போய்விட்டாள், யாரும் இல்லை. ‘குந்தியா’ என்கிறேன். ‘இருங்க, பொங், மறந்தே போயிட்டேன்’ என்று சீட்டைத் தூக்கி உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறாள். இந்த ஊர்க் கட்டம்போட்ட துண்டு, பருத்தி, நீலமும் வெள்ளையும். ‘அண்ணிக்கு. எங்க அம்மா நெய்தது. வெயிலுக்குத் தலையில போட்டுக்கச் சொல்லுங்க.’ அவள் பேசுவது கெமர் பாதி, இங்கிலீஷ் பாதி, ஆனால் ஐந்து வருஷத்தில் அது என் மண்டைக்குள் வரும்போதே தமிழாகத்தான் வருகிறது, அண்ணி என்றுதான் கேட்டது. வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, ஓரத்தையும்கூட விரலால் நெருடிப் பார்த்து, நல்ல நெசவு என்றேன். ‘என்னமோ சொல்ல வந்தீங்களே?’ என்கிறாள். ‘ஒண்ணுமில்லை, நேரமாச்சான்னு கேட்டேன்.’ துண்டு மடியில் இருக்கிறது. எடை என்று ஒன்றுமில்லை அதற்கு. நூற்றைம்பது கிலோவோடு இதையும் சேர்த்துக்கொள்.

முந்தாநாள் வரைக்கும் வாங்குவதற்கு வேறு இரண்டு பேர் இருந்தார்கள். கேன்டீன் சுவரில் நான் எழுதி ஒட்டின காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒருவன் கட்டிங் செக்சன் ஆள், ‘என் மச்சான் மெக்கானிக், கூட்டிட்டு வரேன்’ என்றான். விற்றாயிற்றே என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் கணக்குப் பிரிவு கோபாலன் நாயர். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார், சரி என்று சொல்லிவிட்டு, அவருடைய நூற்றுப்பத்து கிலோ உடம்பைப் பார்த்ததும் சாவியைக் காணோம் என்று தேடுவதுபோல் நடித்தேன். அப்புறம் குந்தியா வந்தாள். அவள் வண்டியைச் சுற்றி வரவில்லை, உதைத்துக்கூடப் பார்க்கவில்லை. ‘நல்ல வண்டியா, பொங்?’ என்று ஒரே ஒரு கேள்வி. ‘நல்ல வண்டி’ என்றேன். ‘நீங்க சொன்னா சரி, ஒரு நூல் பிசிறைக்கூட விடாத ஆளாச்சே’ என்றாள். அதாவது, எனக்கு வேறு வழியில்லாமல் இவளிடம் போய் முடியவில்லை. இதை எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிக்கொள்ள வேண்டும். மூன்று பேர் வந்தார்கள், கழற்றிப் பார்க்காத ஆள் யார் என்று நான் பொறுக்கி எடுத்தேன். டேபிளில் குவிந்திருக்கும் பீஸிலிருந்து விரல் தன்னால் ஒன்றை எடுக்குமே, அப்படி. லாபம் என்றுகூட இல்லை, நானூற்றைம்பது இல்லாவிட்டால் நான் செத்துவிட மாட்டேன். நான் போட்ட காசு போகக்கூடாது, ஏமாந்தவன் நான் மட்டுமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு இவள்.

ரயில்பாதை வருகிறது. இங்கே நான் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடப்பேன், பார்க்கிறவர்கள் இந்தியாக்காரனுக்குப் பயம் என்று சிரிப்பார்கள். அவள் இறங்கவில்லை. முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி விழுகிறது, பின்சக்கரம் விழுகிறது, என் முதுகெலும்பில் ஒரு அடி, அப்போது ஹேண்டிலின் கழுத்துப் பக்கத்திலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். வெல்டிங் வைத்தபிறகு கேட்காமல் இருந்து, போன மாசம் மறுபடி ஆரம்பித்தது. அது ஆரம்பித்த வாரத்தில்தான் நான் காகிதம் எழுதி ஒட்டினேன். ‘அது என்ன சத்தம், பொங்?’ என்று அவள் தலையைப் பாதி திருப்பிக் கேட்கிறாள். இதோ, அவளே கேட்டுவிட்டாள், நான் ஆரம்பிக்கக்கூட வேண்டியதில்லை, பதில் சொன்னால் போதும். ‘பிளாஸ்டிக்’ என்கிறேன். ‘கவரு. ஸ்குரூ லூசா இருக்கும்.’ எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பதில், யோசிக்கவே இல்லை, தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுப்பதுபோல. ‘அப்படியா’ என்று அவள் திரும்பிக்கொண்டாள். நேற்று ‘நல்ல வண்டி’ என்று பொத்தாம்பொதுவாகத்தான் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு அந்த வெடிப்பைக் குறித்தே வாயைத் திறந்து சொன்ன பொய். இனிமேல் எப்படி மாற்றிச் சொல்வது, சொன்னால் இந்தப் பொய்யையும் சேர்த்தல்லவா ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பீஸில் ஒரு குற்றம் இருந்தால் பிரித்துத் தைத்து ஆல்டர் பண்ணலாம், இரண்டு இருந்தால், மூன்று இருந்தால்.

பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டோம். கன்டெய்னர் லாரிகள். அவள் வேகமெடுக்கிறாள், காற்று முகத்தில் அறைகிறது, அவளுக்கு உற்சாகம், என்னவோ பாட்டுக்கூட முனகுகிறாள். முள் ஐம்பதைத் தாண்டுகிறது. நான் இதை நாற்பதுக்கு மேல் விட்டதே இல்லை. பின்கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் மரத்துப்போகின்றன, இடதுபக்கம் லாரியின் டயர் என் முகத்தின் உயரத்துக்குச் சுற்றிக்கொண்டு வருகிறது, அந்த டயரின் பட்டைகளுக்கு நடுவில் சிக்கியிருக்கும் ஒரு கல்லைக்கூடப் பார்க்கிறேன். ‘மெதுவா, குந்தியா, மெதுவா!’ என்று கத்துகிறேன். அவள் சிரிக்கிறாள். ‘பொம்பளை ஓட்டுறான்னு பயமா, பொங்?’ ‘ஆமா’ என்கிறேன். அதையும் சொல்லிவிட்டேன். அவள் நாற்பதுக்கு இறக்கிவிட்டாள், என்னைக் கேலி பண்ணும் சிரிப்போடு, பாவம் என்று விட்டுக்கொடுக்கும் சிரிப்போடு. நேற்றிலிருந்து நினைத்து நினைத்துக் குழம்பிக்கொண்டிருக்கிறேனே, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, பிள்ளைகளுக்கு ஆகிவிடுமோ என்று, அப்போதெல்லாம் மெதுவாகப் போ என்று வாய் சொல்லவில்லை. என் உடம்பு இதன்மேல் ஏறின பிறகுதான் சொல்கிறது. என் எழுபத்தெட்டு கிலோவை இறக்கி வைத்தபிறகு அவள் எண்பதில் போனாலும் நான் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பேன். ஊரில் என் மனைவி மரகதம் ஒரு ஸ்கூட்டி கேட்டாள், நான்கு வருஷமாகக் கேட்கிறாள், புள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட. அவிநாசி ரோடு எப்படி இருக்குது தெரியுமா, வேண்டவே வேண்டாம், ஆட்டோவில் போ என்று இங்கேயிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். புதுசு, ஷோரூமிலிருந்து வரும் வண்டி, அதற்குச் சொன்னேன். என் வீட்டுக்காரி என்றால் அப்படிக் கண் திறக்கிறது.

‘உங்களை விட்டுட்டு நேரா ஊருக்கு’ என்கிறாள் குந்தியா, காற்றில் பாதி கேட்கிறது பாதி கேட்கவில்லை. ‘ப்ரேவெங். தொண்ணூறு கிலோமீட்டர். சாயந்தரத்துக்குள்ள போயிடுவேன். நாளைக்குக் காலையில பொண்ணு, பையன் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்துடுவேன். முன்னால ஒரு அரிசி மூட்டை. பள்ளிக்கூடம் இங்கேயே சேர்த்தாச்சு.’ புருஷன் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருஷம், சேதியில்லை. பிள்ளைகள் அவள் அம்மாவிடம். இத்தனை நாள் மாசத்துக்கு ஒருதடவை லாரியில் போய் வந்தாள், இங்கே கம்பெனிப் பெண்களை நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு போகும் திறந்த லாரி. போன வருஷம் அப்படி ஒன்று வாய்க்காலில் கவிழ்ந்து, ஒன்பதாவது லைனில் இவளுக்குப் பக்கத்தில் ஓவர்லாக் மெஷின் ஓட்டின பெண்ணுக்கு ஒரு கை போனது. ‘அதுல இருந்து எனக்கு லாரின்னாலே நெஞ்சு அடைக்குது, பொங். இது நம்ம கையில இருக்கு. பயமில்லை.’ நம்ம கையில். மெக்கானிக்கின் இரண்டு கைகளும் நெஞ்சுப்பக்கம் வருகின்றன. ப்ரேவெங் ரோட்டில் பாதிக்கு மேல் செம்மண், பாலத்துக்குப் பாலம் குழி. முன்னால் அரிசி, பின்னால் இரண்டு பிள்ளைகள், எந்தப் பிள்ளையின் தலையில் அந்த ஹெல்மெட் இருக்கும். இல்லை. இதை நினைக்கக்கூடாது. பத்து வருஷமும் ஓடும் என்றும்தான் சொன்னார். ஓடும். மூன்று வருஷம் ஓடியதல்லவா. எந்தப் பிள்ளையின் தலையில் இருக்கும்.

விமான நிலையம். வேலி, பூச்செடி, கண்ணாடி. மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, சூட்கேசை அவளே இறக்கிக் கொடுக்கிறாள். நான் கீழே நிற்கிறேன், உடம்பு முழுக்க ஒரு ஆசுவாசம், தப்பித்துவிட்டேன் என்று உடம்பு சொல்கிறது, அந்த ஆசுவாசம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் இரண்டு கையையும் முகத்துக்கு நேராகக் கூப்பி, ‘நல்லபடியா போயிட்டு வாங்க, பொங்’ என்கிறாள். ‘குந்தியா, இந்த வண்டியில ஊருக்குப் போகாதே’ என்றேன்.

‘ஏன்?’

வெடிப்பு என்பதற்கு எனக்கு அவர்கள் பாஷையில் சொல் தெரியாது. குனிந்து முன்பக்கத்துக் கவரைத் தட்டினேன். ‘இங்கே. உள்ளே. இரும்பு உடைஞ்சிருக்கு.’

‘பிளாஸ்டிக்னு சொன்னீங்களே?’ இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது முகத்தில்.

‘பிளாஸ்டிக் இல்லை.’

‘சரி பண்ணிக்கலாமா?’

‘ரெண்டு தடவை வெல்டிங் வெச்சாச்சு. நிக்காது. பாரம் ஏத்தினா முறிஞ்சுடும். பிள்ளைங்களை ஏத்தாதே.’ அவளுக்கு முழுக்கப் புரியவில்லை, என் கையைப் பார்க்கிறாள், வாயைப் பார்க்கிறாள், எனக்கு வேறு சொல் இல்லை. ‘ரிஜெக்ட்’ என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ‘எப்போ தெரியும்?’

‘மூணு வருஷமா.’

‘நான் கேட்டேனே’ என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. ‘நல்ல வண்டியான்னு கேட்டேனே.’ பக்கத்தில் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது, காவலாளி யாருக்கோ விசில் ஊதினான். நான் இடுப்புப் பையைத் திறந்தேன். நான்கு நூறு, ஒரு ஐம்பது. எடுக்கும்போது என் கட்டைவிரல் அந்த ஐம்பதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. நான் சொல்லி அது செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நானூறு வெளியே வந்தது. அவள் வாங்கி, எண்ணி, கெமரில் ‘நானூறு’ என்று மட்டும் சொன்னாள், மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். மீதியைக் கேட்கவில்லை. கேட்பாள் என்று நான் காத்திருந்தேன், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று.

‘பணம் எங்கிட்ட வந்தாச்சு. அப்ப வண்டி உங்களோடது’ என்றாள். ‘பிளேன்ல ஏத்திக் கொண்டு போறீங்களா?’

‘நீயே வெச்சுக்க. வித்துடு’ என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். ‘யாருக்கு?’

நான் நிற்கிறேன். அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள், உண்மையாகவே காத்துக்கொண்டு, லைனில் ஒரு பீஸைக் கையில் கொடுத்து எங்கே குற்றம் என்று காட்டச் சொல்லிவிட்டு நிற்பாளே, அப்படி. சூட்கேசின் கைப்பிடியை இழுத்து நீட்டினேன், மறுபடி உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் ஸ்டாண்டை எடுத்தாள். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

உள்ளே வந்துவிட்டேன். டிக்கெட்டைக் காட்டி, கண்ணாடிக் கதவைத் தாண்டி, வரிசையில் நிற்கிறேன். ஐம்பது டாலர் பையில் இருக்கிறது. இப்போது ஓடினாலும் பிடித்துவிடலாம், பெரிய ரோடுவரைக்கும் ஒரு கிலோமீட்டர் இருக்கும், தள்ளிக்கொண்டு எவ்வளவு தூரம் போயிருப்பாள். உள்ளே வந்தவர்களை வெளியே விடமாட்டார்களோ என்னவோ. காவலாளியைக் கேட்டால் விட்டிருப்பான். நான் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகத் தெரிகிறாள், வெள்ளை வெயிலில், நிழல் இல்லாத அந்த நீண்ட ரோட்டின் ஓரமாக, முதுகு முன்னால் சாய்ந்து, அவளைவிடக் கனமான வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். ஒரு இடத்தில் நின்று சட்டைக்கையால் முகத்தைத் துடைக்கிறாள். போன் அடிக்கிறது. மரகதம்.

‘ஏனுங்க, உள்ள போயிட்டீங்களா? வண்டிக்காசு வந்துருச்சுங்களா?’

‘வண்டி விலை போகல.’

‘ஏனுங்க? அந்தப் புள்ளை வாங்கிக்கறேன்னுதுன்னு சொன்னீங்க?’

‘அதுல கழுத்துல வெடிப்பு. எந்நேரமும் முறிஞ்சு போகும். குடுக்கலை.’ குடுக்கலை என்கிறேன். கொடுத்தேன், பணம் வாங்கினேன், அவளை ஓட்ட வைத்துப் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

‘ஐயோ சாமி. எப்பருந்துங்க?’

‘மூணு வருசமா.’

அவள் குரல் உடைந்து வருகிறது. ‘மூணு வருசமா அதுலதானுங்க போயிட்டு வந்துட்டு இருந்தீங்க? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலீங்களே. ஏதாச்சும் ஆயிருந்தா நானும் புள்ளையும் என்னங்க பண்ணியிருப்போம்?’ அழுகிறாள். தொலைதூரத்தில் எனக்காக ஒருத்தி அழுகிறாள். வரிசை நகர்கிறது, பின்னால் நிற்பவர் தள்ளுவண்டியால் என் குதிகாலை இடிக்கிறார், நான் நகரவில்லை, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ரோடு வளையும் இடத்தில் இப்போது ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறாள், வண்டியும் அவளும் சேர்ந்து ஒரே புள்ளி. ‘ஏனுங்க? பேசுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்கல்ல?’

‘எனக்கு ஒண்ணும் ஆகல, மரகதம்’ என்கிறேன்.